ஒரு நாளைக்கு ஒரு ராகி மணி

உடம்பில் நம் கண்ணால் நாமே பார்க்க முடியாத இடங்கள் சில உண்டு. பிடரி, நடுமுதுகு, அப்புறம் உட்காரும் இடம். என் வாழ்க்கையில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் அந்தக் கடைசி இடத்தைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், இந்த வயதில் எனக்கென்ன வந்தது.

எண்பதுகளின் நடுவில் பாப்பாரப்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் சுகாதார நர்ஸாக இருந்தேன். துணை நிலையம் என்று வெளியே பலகை. முன்னறையில் ஒரு மேசை, உயரமான ஒரு கட்டில், மருந்து அலமாரி, ஊசிகளை வேகவைக்க ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். பின்னறையில் நான். எங்கள் ஊர் கடலோரம். பஸ் மாறி மாறி ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். அப்பா, அம்மா இல்லை. அண்ணன் இருந்தான், அவனுக்குக் குடும்பம் இருந்தது, அந்தக் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டின் சமையலறைக்குப் பின்னால் எனக்கு ஒரு மூலை இருந்தது. தர்மபுரிக்கு உத்தரவு வந்தபோது தண்ணியில்லாத காட்டுக்குப் போகிறாளே என்று ஊரில் உச்சுக்கொட்டினார்கள். சொந்தமாக ஒரு கதவும் அதற்கு ஒரு பூட்டும் கிடைக்கிறதே என்று நான் பெட்டியைக் கட்டினேன்.

வாரத்தில் பாதி நாள் கொட்டாய்களுக்கு நடை. கொல்லை என்று அங்கே சொல்கிற புன்செய் நிலங்களுக்கு நடுவே நாலைந்து வீடுகள் சேர்ந்து இருந்தால் அது ஒரு கொட்டாய். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வரப்பிலும் கல்லிலும் ஏறி இறங்கிப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கையில் ரணஜன்னித் தடுப்பூசி போடுவது, பிறந்த குழந்தையின் தொப்புளைப் பார்ப்பது, பிறக்கப்போகிற குழந்தைக்கு நாள் கணக்குச் சொல்வது. மீதி நாட்களில் டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசிகளை நிலையத்தில் போட வேண்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு மாத்திரை என்பது வைத்தியமே இல்லை. அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "ஊசி?" என்று நிற்பார்கள். காய்ச்சலுக்குக் கையில் போட்டால் அதுவும் கணக்கில் சேராது. இடுப்பு ஊசிதான் ஊசி. இடுப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது.

பெண்களுக்கு ஊசி போடுவதுதான் பெரும்பாடு. பாவாடையில் நாடா முடிச்சுப் போடும் இடத்துக்குக் கீழே ஒரு சாணுக்குத் துணியைப் பிளவாக விட்டுத் தைத்திருப்பார்கள். கட்டும்போது அந்தப் பிளவு இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும். ஊசி என்றதும் இந்தப் பெண்கள் சேலையைத் தளர்த்துவார்களே தவிர, பாவாடை முடிச்சில் கை வைக்க மாட்டார்கள். பாவாடையை அப்படியே ஒரு இழுப்பு இழுத்து, பிளவைப் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொள்வார்கள். அந்தச் சந்தில் தெரிகிற தோலில் நான் குத்தி அனுப்ப வேண்டும். முடிச்சு அவிழாமல் நோய் போய்விட வேண்டும்.

பயிற்சியில் எங்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். பிட்டத்தின் ஒரு பாதியில் மனசுக்குள் ஒரு கூட்டல் குறி போட்டுக்கொள்ள வேண்டும். நாலு கட்டம் வரும். மேலேயும் வெளிப்பக்கமாகவும் இருக்கிற கட்டத்தில் மட்டும்தான் ஊசி. மற்ற கட்டங்களுக்கு அடியில் உடம்பிலேயே தடித்த நரம்பு ஓடுகிறது, கட்டைவிரல் பருமன். முதுகெலும்பின் அடிக்கட்டில் ஐந்து இடங்களிலிருந்து இழை இழையாகக் கிளம்பி, இடுப்புக்கூட்டுக்குள் ஒன்று சேர்ந்து, பின்பக்கத்து இடுக்கு வழியாக வெளியே வந்து, தொடையின் பின்புறம் இறங்கி, முழங்காலுக்குக் கீழே இருக்கிற அத்தனையையும் ஆட்டிவைப்பது அதுதான். பிளவைப் பின்னால் இழுத்தால் அது போய் நிற்பது, அந்தக் கூட்டல் குறியின் நட்டநடுவில்.

அதனால் முடிச்சை அவிழ்க்காமல் ஊசி இல்லை என்பது என் சட்டம். கதவைச் சாத்தினேன். ஜன்னலுக்குப் பழைய சேலையைத் திரையாகக் கட்டினேன். சிலபேர் அவிழ்த்தார்கள், சிலபேர் மருந்தே வேண்டாம் என்று போனார்கள். எதிர்வீட்டு மருமகள் ஒருத்தி, என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், வாய் நீளம், அவள் மட்டும் போகவும் மாட்டாள், அவிழ்க்கவும் மாட்டாள். "அவுக்க மாட்டனுங்க. போட்டா இப்புடியே போடுங்க, இல்லாட்டி வுடுங்க" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே வாதாடுவாள். கடைசியில் நானே துணியை இழுத்துப் பிடித்து, விரலால் அளந்து, எப்படியோ மேல் கட்டத்தில் போட்டு அனுப்புவேன். திட்டிக்கொண்டேதான் அனுப்புவேன். எனக்கு முடிச்சவுக்கி என்று பட்டப்பெயர் வைத்ததும் அவள்தான். திருடர்களைச் சொல்கிற வார்த்தை அது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அதைச் சொல்லிச் சிரிப்பது என் அறைவரைக்கும் கேட்கும். எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. பெயராவது வைத்திருக்கிறார்களே.

ஒரு ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. எனக்குக் காய்ச்சல். மாத்திரைக்கு அடங்கவில்லை. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் நர்ஸ் லீவில் போயிருந்தார். மருந்து கொடுப்பவர், ஊசி போடுபவர் எல்லாம் ஆண்கள், தினமும் நான் முகத்தில் விழிக்கிறவர்கள். அவர்கள் முன்னால் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. பஸ் ஏறித் தர்மபுரி டவுனுக்குப் போய், யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு சின்ன கிளினிக்கில் உட்கார்ந்தேன். நர்ஸ் என்று அங்கே சொல்லிக்கொள்ளவில்லை.

டாக்டர் பார்த்தார், எழுதினார். ஊசி போடும் இடம் ஒரு தட்டிக்குப் பின்னால். தலை நரைத்த கம்பவுண்டர் ஒருவர். கண்ணியமான மனுஷன். "திரும்பி நில்லும்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு பெண்பிள்ளை சேலையைத் தளர்த்துவதைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைச் சுவர்க் காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாவாடையை ஒரு இழுப்பு இழுத்து, பிளவைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. அவரும் காலண்டரைப் பார்த்தபடியே பஞ்சால் துடைத்து, அந்தச் சந்தில் ஊசியை இறக்கினார். அவருக்கும் மரியாதை, எனக்கும் மானம். இரண்டுக்கும் நடுவில் போயிற்று ஊசி.

இடுப்பிலிருந்து கால் பெருவிரல்வரை மின்சாரம் ஓடியது. எந்த நரம்பு என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. மருந்து இன்னும் முழுசாக இறங்கவில்லை. "எடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார். சொல்லவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலிக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன்.

பஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்டக்டர் ஜன்னலைத் தட்டி, என் வலது கால் செருப்பைக் காட்டினார். நடந்து வந்த வழியில் எங்கேயோ கழன்றிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். குனிந்து மாட்டப் பார்த்தேன். பாதம் அசையவில்லை. குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கு என்று சொல்கிறேன், அது வேறு யாருடைய பாதமோ என்பதுபோலக் கிடக்கிறது. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து நான் நடந்த நடையை ஊரே பார்த்தது. முன்பாதம் தொங்கினால் தரையில் இடிக்கும். இடிக்காமல் இருக்க முழங்காலை உயரத் தூக்க வேண்டும். தூக்கி வைத்தால் பாதம் சொத்தென்று விழும். தண்ணீருக்குள் நடக்கிற கொக்கு மாதிரி. அந்த எதிர்வீட்டு மருமகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க நர்சம்மா, வாதமுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அது ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன். நர்ஸுக்கே ஊசியால் கால் போயிற்று என்று அந்த ஊரில் ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும். இடுப்பு ஊசி, கை ஊசி என்று யாரும் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள். அடுத்த நாளே கொட்டாய்களில் கர்ப்பிணிகள் என்னைக் கண்டால் சோளக் கொல்லைக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். தாய்க்குத் தடுப்பூசி இல்லாமல் பிறந்து, ஒரு வாரத்தில் வாய் இறுகி, வில்லாக வளைந்து செத்த குழந்தையை நான் வந்த புதிதில் கையில் வாங்கியிருக்கிறேன். அதனால் வாதம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஊரும் உடனே நம்பியது. ஈரத்தில் நடந்தாள், காற்று பட்டுவிட்டது, தனியாக இருக்கிற பொம்பளை நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, எத்தனையோ காரணம். எதிர்வீட்டுக்காரி ஒரு பாட்டிலில் பச்சை எண்ணெய் கொண்டுவந்து வைத்தாள். நாற்றம் அறையைவிட்டுப் போக ஒரு மாதம் ஆயிற்று. பொய் சொன்ன வாய்க்கு அந்த நாற்றமும் வேண்டியிருந்தது.

பொய்யைவிடக் கஷ்டம் அதற்குப் பிறகு வந்தது. ஒருவரிடம்கூட உண்மையைப் பேச முடியாது என்று ஆகிவிட்டால், பேச்சே தேய்ந்துபோகிறது. வருகிறவர்களிடம் வியாதியைக் கேட்பேன், மருந்தைச் சொல்வேன், கதவைச் சாத்துவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மெயின் ரோட்டுக்குப் போனால் ஒகேனக்கல் போய்த் திரும்புகிற பஸ்கள் நிற்கும். ஈரத்தலையோடு ஜன்னலில் குடும்பம் குடும்பமாக இருப்பார்கள், மீன் வறுவல் வாசனை ரோடுவரைக்கும் வரும். அவர்கள் எல்லோருக்கும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொள்ள ஆள் இருந்தது. நான் உப்பு வாங்க வந்தவள்போல உப்பை வாங்கிக்கொண்டு திரும்புவேன்.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு பார்க்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு ஊசி முனையால் என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும் பாதத்தின் மேல்பக்கமும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்தப் பெரிய நரம்பு வெளியே பார்க்கத்தான் ஒன்று, உள்ளே இரண்டு நரம்புகள் ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்று சொன்னார். வெளிப்பக்கம் இருப்பது பாதத்தைத் தூக்குவது. ஊசி குத்தினால் பெரும்பாலும் முதலில் மாட்டுவது அதுதான். அறுந்துபோகாமல் மருந்தால் வெந்துபோயிருந்தால் அது குத்திய இடத்திலிருந்து மறுபடி வளரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அதிகம் போனால். நான் இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு மேல்வரை மனசுக்குள் கையால் அளந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொறுமை வேணும்மா என்றார்.

தொடையில் அந்த நரம்பு தசைக்கு அடியில் ஆழமாகப் போகிறது, அங்கே அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்றும் சொன்னார். ஒரே ஒரு இடத்தில் அது தோலுக்குப் பக்கத்தில் வரும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கம், உருண்டையாக ஒரு எலும்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித்தான் நரம்பு போகிறது. அங்கே விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். நரம்பு அதுவரை வந்திருந்தால் பாதத்துக்குள் சுரீர் என்று ஓடும். அதுவரை ஒரு செய்தியும் வராது. காலைத் தினமும் நீவிவிடவும், பாதத்தை மடக்கி நீட்டவும் வீட்டில் யாரையாவது செய்யச் சொல்லுங்கள் என்றார். நானே செய்துகொள்கிறேன் என்றேன்.

திரும்பும்போது தொப்பூர்க் கணவாயில் பஸ் உறுமிக்கொண்டு ஏறியது. மில்லிமீட்டர் என்பது எனக்கு மனசில் நிற்கவில்லை. அன்று களி மாவு அரைக்க ராகியைப் புடைக்கும்போது ஒரு மணி விரலில் ஒட்டிக்கொண்டது. இவ்வளவுதான், ஒரு நாளைக்கு ஒரு ராகி மணி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் அது என் தொடைக்குள் இருட்டில் தனியாக வந்துகொண்டிருக்கும், வருகிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது.

கால் வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. கொட்டாய்களுக்கு நடக்க முடியாதவளைக் கிராம நர்ஸாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் நல்லவர். கொஞ்ச காலம் நிலையத்து வேலை மட்டும் பாருங்கள், வருகிற கோடை போய் அதற்கடுத்த கோடைக்குள் தேறாவிட்டால் மருத்துவக் குழுவுக்கு எழுதவேண்டி வரும் என்றார். அண்ணன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, வந்துவிடு, அந்த மூலை அப்படியேதான் இருக்கிறது என்றான். பாசமாகத்தான் சொன்னான். எனக்கு அந்த மூலை கண்ணுக்குள் வந்தது, நெல் மூட்டையும் நானும். நான் பாதத்தைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை.

ஊர் கொல்லைக்குப் போய்விட்ட மத்தியானங்களில் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் நிலையத்து அலமாரியில் உடற்கூறு புத்தகம் ஒன்று கரையான் அரித்துக் கிடந்தது. இடுப்பு நரம்புகள் பற்றிய பக்கங்களை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். பேரிக்காய் வடிவத்தில் ஒரு தசை இடுக்கின் குறுக்கே கிடக்கிறது. அதற்கு மேலே ஒரு நரம்பு, கீழே பல நரம்புகள். மேலே போவது, ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சாய்ந்துவிடாமல் பிடிப்பது. நான் சுவரைப் பிடிக்காமல் வலது காலில் நின்று பார்த்தேன். இடுப்பு சாயவில்லை. அது பிழைத்துவிட்டது. இன்னொன்று, குந்தியிருந்து எழுந்திருக்க உதவுவது. குந்தி எழுந்து பார்த்தேன். அதுவும் இருந்தது. முன்பக்கம் ஒரு நரம்பு தொடையின் உள்பக்கம் இறங்கி முழங்கால்வரை உணர்வைக் கொண்டுபோகிறது. இடுப்பு மூட்டில் கோளாறு என்றால் முழங்கால் வலிக்கிறது என்று சிலபேர் சத்தியம் செய்வது அதனால்தான். அந்த வெறும் அறையில் நான் ஒவ்வொரு நரம்பையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆஜர் எடுத்தேன். ஒன்று மட்டும் வரவில்லை.

ஒரு நரம்பு என்னை வாய்விட்டுச் சிரிக்கவைத்தது. இடுப்புக்கூட்டைவிட்டு வெளியே வந்து, உடனே வளைந்து மறுபடி உள்ளே போகிற நரம்பு அது. மறைவிடத்து உணர்வும் சிறுநீரை அடக்குவதும் அதன் பொறுப்பு. அதன் பெயருக்கு லத்தீனில் வெட்கப்பட வேண்டியது என்று பொருளாம். வெட்கத்துக்கென்று தனியாக ஒரு நரம்பை வெள்ளைக்காரன் கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறான். என் உடம்பில் அதற்கு ஒரு சேதமும் இல்லை, கிளினிக் தட்டிக்குப் பின்னால் பிரமாதமாக வேலை செய்தது. சிரித்து முடித்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எதிர்வீட்டில் அவள் முறத்தில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை மூடி வைத்தேன்.

பாதத்தைத் தூக்கிப் பிடிக்க நானே ஒரு வார் தைத்தேன். பழைய பாவாடை நாடாவை இரண்டாக மடித்து, செருப்பின் முன்வாரில் கட்டி, முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டையில் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொள்வேன். அதோடு ஊருக்குள் கொஞ்சம் நடக்க முடிந்தது. முடிச்சவுக்கி முடிச்சுப் போட்டுக்கிட்டா என்று குழாயடியில் ஒரு நாள் கேட்டது. பழைய சிரிப்பு இல்லை, இரக்கமாகச் சொன்னார்கள். எனக்கு அந்த இரக்கம்தான் பொறுக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்து, யார் வீட்டுக் குழந்தைக்கு இன்னும் ஊசி பாக்கி என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுத் திட்டிவிட்டு வந்தேன்.

மரத்த காலை வைத்துக்கொண்டு தனியாக வாழ்வது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. முள் குத்தினால் தெரியாது. சுடுதண்ணீர் பட்டால் தெரியாது. ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் வைத்திருந்து ஒருமுறை தோல் கொப்பளித்த பிறகுதான் பார்த்தேன். தினமும் விளக்கேற்றும் நேரத்தில் உட்கார்ந்து, காலை மடியில் எடுத்துப் போட்டு, விரலிடுக்கு, குதிகால் எல்லாம் பார்ப்பேன். பக்கத்தில் ஒருவர் இருந்தால் என்னம்மா காலில் ரத்தம் என்று கேட்டிருப்பார். என் பாதத்தை நானேதான் விசாரிக்க வேண்டியிருந்தது. அப்புறம் முழங்காலுக்குக் கீழே அந்த உருண்டை எலும்பை நடுவிரலால் தட்டுவேன். ஒன்றும் வராது. விளக்கைத் தூண்டிவிட்டுச் சமைக்கப் போவேன்.

மழை போய், பனி போய், மாங்காய்ச் சந்தையும் முடிந்து, மறுபடி மழை வந்தது. தட்டுவது பழக்கமாகிவிட்டது, எதையும் எதிர்பார்த்துத் தட்டவில்லை. கார்த்திகை கழிந்து ஒரு நாள் வேறெதையோ நினைத்துக்கொண்டு தட்டினேன். பாதத்தின் மேல், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தேன். எறும்பு இல்லை. மறுபடி தட்டினேன். மறுபடி ஊர்ந்தது. அத்தனை மாதமும் அது வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல், யாருக்கும் தெரியாமல், ஒரு ராகி மணி, இன்னொரு ராகி மணி என்று. நான் எழுந்து வாசல்வரை வந்தேன். தெருவில் அவரவர் வேலையாக இருந்தார்கள். யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது? வாதத்துக்கு எறும்பு ஊருமா? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்துக்கு அழுதேன் என்று சொல்ல ஆசைதான். சொல்ல ஆள் இல்லை என்றுதான் அழுதேன்.

பாதம் அதன்பிறகும் மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. அது வந்தது ஒரு வியாழக்கிழமை காலை, ஊசி போடும் நாள். கட்டிலில் உட்கார்ந்து வாரைக் கட்டுவதற்கு முன், வழக்கம்போல, தூக்கு என்று மனசுக்குள் சொன்னேன். குதிகால் தரையில் இருக்க, முன்பாதம் ஒரு விரற்கடை எழுந்தது. கீழே விழுந்தது. மறுபடி சொன்னேன், மறுபடி எழுந்தது. அதற்குள் வெளியே ஆட்கள் வந்துவிட்டார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு, வாரைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

கடைசியாக வந்தவள் எதிர்வீட்டுக்காரி. கதிர் அறுக்கும்போது அரிவாள் காலில் பட்டுப் புண் சீழ் வைத்திருந்தது. டாக்டர் பென்சிலின் எழுதியிருந்தார். கையில் சோதனை ஊசி போட்டு, தடிப்பு வருகிறதா என்று காத்திருந்து பார்த்தாயிற்று. கதவைச் சாத்தினேன், திரையை இழுத்துவிட்டேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, சுவரைப் பார்த்துத் திரும்பி, பாவாடையை ஒரு இழுப்பு இழுத்தாள். பிளவு நட்டநடுவில் வந்து நின்றது. அந்தச் சந்தில் ஒரு உள்ளங்கை அளவு தோல்.

வழக்கமாக நான் கத்த ஆரம்பிக்கிற இடம் அது. அன்று கத்த வரவில்லை. மருந்து ஏற்றிய ஊசி கையில் இருந்தது. இதே மாதிரி இன்னொருத்தியின் தோல் ஒரு தட்டிக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்ததும், இரண்டு நல்ல மனுஷர்கள் அதைப் பார்க்காமல் இருந்ததும் ஞாபகம் வந்தது. ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"என் காலு வாதத்துல போகல" என்றேன். "ஊசியில போச்சு. நானும் உன்னை மாதிரிதான் இழுத்துவிட்டுக்கிட்டு நின்னேன்."

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றாள். சொல்லிவிட்டேனே, குழாயடிக்குப் போனால் ஒரு பொழுதில் ஊர் முழுக்கப் பரவுமே, இந்த வாயிடம் போய்ச் சொன்னேனே என்று நினைத்தேன். சோளக் கொல்லைகள், கொட்டாய்கள், அந்த வில்லாக வளைந்த குழந்தை எல்லாம் கண்முன் வந்தன. என் வேலையும் அந்த மூலையும்கூட வந்தன. அவள் கை மெதுவாக முன்பக்கம் போனது. முடிச்சைத் தேடி, இழுத்து, அவிழ்த்தது. துணியைத் தளர்த்திவிட்டு அவளே கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

நான் பார்த்தேன். கூட்டல் குறியைப் போட்டேன். மேலே, வெளிப்பக்கம், இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினேன். எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன். அவள் தலையணையில் கன்னத்தை வைத்தபடி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"வலிச்சுதுங்களா, அன்னைக்கி?"

"வலிச்சுது."

"யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"சொன்னா நீங்கள்லாம் ஊசி போட்டுக்குவீங்களா?"

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்றெல்லாம் அவள் சத்தியம் செய்யாமல், "இப்ப எப்புடிங்க இருக்குது?" என்று கேட்டாள்.

ஒன்றரை வருஷத்தில் என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் நிறையப்பேர். உண்மையைத் தெரிந்துகொண்டு கேட்டது அவள் ஒருத்திதான்.

"இன்னைக்குக் காலையில வந்துச்சு" என்றேன்.

"காட்டுங்க."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாரின் முடிச்சை அவிழ்த்து, செருப்பைக் கழற்றி, குதிகாலைத் தரையில் ஊன்றினேன். அவள் பாவாடையைக் கட்டிக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே கட்டில் விளிம்புக்கு நகர்ந்து தலையைத் தொங்கப்போட்டு என் பாதத்தைப் பார்த்தாள். நான் தூக்கு என்று மனசுக்குள் சொன்னேன். முன்பாதம் நடுங்கிக்கொண்டு ஒரு விரற்கடை எழுந்து, விழுந்தது.

"வந்துருச்சுங்க" என்றாள் அவள். அப்புறம், சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டதுபோல, தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "இன்னொருக்கா தூக்குங்க, பாக்கறேன்" என்றாள்.

தூக்கினேன்.